வெறும் பாட்டிலுக்குப் பன்னிரண்டு கோடு

கண்ணு,

நலம் விசாரிப்பதை உன் அம்மா தனியாக எழுதுவாள். நான் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லையென்றால் பேனா நகராது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் நீ வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்த மறுநாளே நான் மலையிறங்கிச் சேந்தமங்கலம் போனேன். மாட்டு வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிற ஆளைப் பிடித்து, இரண்டு முழப் பலகையில் உன் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, பெயின்ட் காயும்வரை எதிர்க்கடையில் உட்கார்ந்து நாலு டீ குடித்தேன். உன் பெயருக்கு முன்னால் சிவப்பில் ‘டாக்டர்’ என்று போடச் சொன்னது நான்தான். அந்த ஆள், “டாக்டருங்களா, அப்ப ஒரு பாம்பும் போட்டர்றனுங்க” என்று தன் பங்குக்கு ஒரு பாம்பைச் சுற்றிவிட்டான். பாம்பு நன்றாக வந்திருக்கிறது. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே நின்று படித்துக் காட்டினேன்.

இப்படியாக வளப்பூர் நாட்டின் எல்லா ஊரிலும் நீ டாக்டர் ஆகிவிட்டாய். ஆடிப் பதினெட்டுக்கு நீ லீவில் வருகிறாய் என்றும் நானே பரப்பியிருந்தேன். அதனால் வீட்டு வாசலில் பெயர்ப் பதிவு தொடங்கியது. பதின்மூன்று பேரும் ஒரு எருமையும். எருமைக்காரரிடம், இது மனுஷருக்கான படிப்பு என்று சொல்லிப் பார்த்தேன். “மனசுக்குத் தானுங்களே வைத்தியம்? என்ற எருமைக்கும் மனசுல தானுங்க ஏதோ. கன்னுக்குட்டியக் கண்டாலே ஒதைக்குது” என்றார். எருமையையும் எழுதிக்கொண்டேன். எல்லாரும் முன்யோசனையாக ஆளுக்கொரு காலிப் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறார்கள். உன் அம்மா மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், வாசலுக்கு மேல் நான் மாட்டியிருந்த பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, அவ மனசப் படிச்சவ. ஊசி போடறவ இல்லீங்க. நாளைக்கு இத்தன பேரும் பாட்டலத் தூக்கிட்டு வந்து நின்னா எதை ஊத்துவா, உங்க பெருமையவா?” என்று கேட்டாள். இருபத்தைந்து வருஷமாக அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்ததில்லை. ஆகவே பழகிய முறைப்படி, வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. வழக்கமாக உன் கடிதத்தை நான் உரக்கப் படிப்பேன், அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். இந்த முறை பாதியில் என் குரல் இறங்கிவிட்டது, அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். உன்னிடம் வருகிறவர்கள் அரைமணி நேரம் பேசிவிட்டு, மாத்திரைச் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நாலு நாள் உன் எதிரில் உட்கார்ந்து தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, ஐந்தாம் நாள், “ஆமாம்மா, வைத்தியத்தை எப்போது ஆரம்பிப்பீர்கள்?” என்று கேட்டாராம். அதைப் படித்து நான் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுபோனது. உங்கள் பெரிய டாக்டர் தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறார். போகிறவர், வெறும் மருந்துச் சீட்டுகளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு ஒரு உறையில் வைத்து உன்னிடம் கொடுத்திருக்கிறார். ‘என்னைவிட இவர்களை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், வேண்டியதை நிரப்பிக் கொடுங்கள்’ என்றாராம். சட்டப்படி உன்னைப் போன்றவர்கள் ஒரு தூக்க மாத்திரைகூட எழுதக் கூடாது, மருத்துவம் படித்துப் பெயர் பதிந்தவருக்குத்தான் அந்த உரிமை என்று நீயே விளக்கியும் இருந்தாய். ‘நிரப்பினால் சட்டத்தை மீறியவள், நிரப்பாவிட்டால் எதற்கும் உதவாதவள். பேசாமல் வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா அப்பா?’ என்று முடித்திருந்தாய். பத்து நாளில் இரண்டு நாள் தபாலிலும் இரண்டு நாள் என் அலைச்சலிலும் போய்விட்டது. அதனால்தான் இவ்வளவு அவசரமாக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் புத்தி சொல்ல இந்த மலையில் என்னைவிடத் தகுதியானவன் கிடையாது. காரணம் என் அறிவு அல்ல, நான் செய்த தப்பு. நான் கம்பவுண்டர். டாக்டர் எழுதுவார், நான் கலக்குவேன். எழுதுகிற கை வேறு, கலக்குகிற கை வேறு என்பதுதான் எங்கள் சட்டமும். நான் இங்கே வந்த புதிதில் ரோடு கிடையாது, இப்போது மாதிரி ஜீப்பும் கிடையாது. டாக்டர் புதன்கிழமை புதன்கிழமை அடிவாரத்திலிருந்து நடந்து ஏறி வருவார். கனத்த உடம்பு. வந்ததும் ஒரு மணி நேரம் அவருக்குத்தான் நான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். மற்ற ஆறு நாளும் ஆஸ்பத்திரியில் நான் மட்டும். புண்ணுக்குக் கட்டுப் போடலாம், டாக்டர் ஏற்கனவே எழுதிய மருந்தை மறுபடி கலக்கிக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. ஆனால் வருகிறவர்கள் என்னை ‘டாக்டரய்யா’ என்று கூப்பிட்டார்கள், கண்ணு. முதல் வருஷம் திருத்தினேன். இரண்டாம் வருஷம் திருத்துவதை நிறுத்தினேன். மூன்றாம் வருஷம், யாராவது ‘கம்பவுண்டர்’ என்று கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நீ அப்போது சேந்தமங்கலத்தில் மாமா வீட்டில் தங்கி நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்கு இது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை எடப்புளி நாட்டிலிருந்து சடையக் கவுண்டர் வந்தார். மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற மனுஷர், நல்ல உழைப்பாளி, வார்த்தையைச் செலவழிக்காதவர். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன. “தூக்கம் வரமாட்டேங்குதுங்க டாக்டரய்யா. ஒரு மாசமாச்சுங்க” என்றார். நியாயப்படி, நேற்றுத்தான் டாக்டர் வந்து போனார், அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ‘டாக்டரய்யா’ காதுக்குள் இறங்கி வயிற்றில் வெல்லமாகக் கரைந்துகொண்டிருந்தது. தூக்கம் வராதவர்களுக்கு டாக்டர் புரோமைடு மிக்சர் எழுதுவதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன். எழுதுகிற கை அவருடையது, ஆனால் மனப்பாடம் என்னுடையது. நான் கலக்கினேன். அதோடு விடவில்லை. கோப்பில் இருக்க வேண்டுமே என்று ஒரு சீட்டை எடுத்து, டாக்டர் கையெழுத்திலேயே எழுதியும் வைத்தேன். அவர் எழுத்தை யாராலும் படிக்க முடியாது என்பதால் அது மிகவும் சுலபமாக வந்தது.

இனிமேல் வருவதுதான் கம்பவுண்டர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மருந்துப் பாட்டிலின் பக்கவாட்டில் நாங்கள் ஒரு காகிதத் துண்டு ஒட்டுவோம், உனக்கு ஞாபகம் இருக்கும். நீளமான காகிதத்தை மடித்து மடித்து ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் படிப்படியாக வரும். ஒரு படி ஒரு வேளை. இந்த மலையில் அதற்குப் பெயர் கோடு. ‘எத்தனை கோடு மருந்து?’ என்றுதான் கேட்பார்கள். பன்னிரண்டு வேளை மருந்துக்குப் பன்னிரண்டு கோடு வர வேண்டும். அன்றைக்கு நான் டாக்டராக இருந்ததால் கம்பவுண்டர் வேலையில் கவனம் குறைந்துவிட்டது. ஒரு மடிப்பை விட்டுவிட்டேன். ஆறு கோடு வந்தது. நான் அதைப் பார்க்காமல் ஒட்டினேன், சடையக் கவுண்டர் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒரு கோட்டுக்கு இரண்டு வேளை மருந்து, நாளுக்கு மூன்று கோடு. அவர் சொன்ன சொல் தவறாத ஆள். ஒரு கோடும் விடாமல் குடித்திருக்கிறார்.

சனிக்கிழமை நடுப்பகலில் எடப்புளியிலிருந்து ஆள் ஓடி வந்தது, சடையக் கவுண்டர் எழுந்திருக்கவில்லை என்று. நான் செருப்பை ஒரு காலில் போட்டேன், இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் சட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். ‘எழுதுகிற கை வேறு, கலக்குகிற கை வேறு’, இது என் இரண்டு கைக்கும் விலங்கு போட எவ்வளவு வசதியான வாசகம் என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே போனால் களத்து மேட்டில் கூட்டம். முந்தின நாள் மத்தியானம் களத்து ஓரத்தில் சாய்ந்தவராம், அப்படியே கிடக்கிறார். அவர் மனைவி நல்லம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அழுகையைவிட மோசம். சொந்தக்காரர் ஒருவர் அவசரப்பட்டுக் கோடித் துணியோடு வந்துவிட்டு, அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். நான் நாடி பிடித்தேன். ஓடி வந்ததில் என் நாடியே படபடத்துக்கொண்டிருந்தது, விரலுக்கடியில் யாருடைய நாடி என்று தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தேன், காதில் கத்தினேன், உள்ளங்காலைத் தேய்த்தேன். நான் வேண்டாத சாமி இல்லை. ஒரு வழியாக மனுஷர் ஒரு கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். மாமனார் வீட்டுக்காரர்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, “ஏம்புள்ள, வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தியா?” என்று மனைவியைக் கேட்டார். கோடித் துணிக்காரர் சாப்பிடாமலேயே போய்விட்டார்.

புதன்கிழமை டாக்டர் வந்தார். மூச்சு வாங்கி முடித்ததும் அந்தச் சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “இதை நான் எழுதினேனா?” என்றார். ஆமாம் என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. அவருக்கே அவர் எழுத்து புரியவில்லை. ஆனால் நல்லம்மாவின் பார்வை நான்கு நாளாக என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். கோடு ஒட்டிய கதையையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அந்த ஆளின் சிறுநீரைப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இதயம் எப்படி, வேறு நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா, முன்பு காமாலை வந்ததுண்டா, குடி உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை, கேட்கவில்லை, தெரியாது. “நான் எழுதுவதைத்தான் நீ பார்த்திருக்கிறாய், எழுதாமல் விட்டதை நீ பார்த்ததில்லை” என்றார். “யாருக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. கொடுப்பதை உனக்கு நான் ஒரு மத்தியானத்தில் சொல்லித் தந்துவிடுவேன்.” மேலிடத்துக்கு எழுதவில்லை, சீட்டைக் கிழித்துப் போட்டார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் கிழிக்கவில்லை, கண்ணு. உங்கள் பெரிய டாக்டரின் உறையைத் திறக்கும் முன் நீயும் அதை ஒரு முறை நினைத்துப் பார்.

டாக்டர் சடையக் கவுண்டரை வரவழைத்துத் தலைமுதல் கால்வரை சோதித்தார். உடம்பில் ஒன்றுமில்லை, மனதில்தான் ஏதோ இருக்கிறது, அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று கையைக் கழுவிக்கொண்டார். என்னைப் பார்த்து, உன்னிடமும் இல்லை என்று சேர்த்துச் சொன்னார். அவர் மலையிறங்கிய பிறகும் சடையக் கவுண்டர் போகவில்லை. மருந்துக் கொட்டகை வாசலில் நின்றார், கையில் அந்தப் பாட்டில், கழுவியது. தூக்கம் மறுபடி போய்விட்டது. மருந்து என்றால் பயம், மருந்தில்லாமல் போகவும் மனசில்லை. எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது, வெறுங்கையோடு அனுப்பவும் முடியவில்லை. பாட்டிலை வாங்கினேன். ஒரு காகிதத்தை எடுத்து, இந்த முறை ஒவ்வொரு மடிப்பையும் வாய்விட்டு எண்ணி, பன்னிரண்டு கோடு வெட்டி ஒட்டினேன். வெறும் பாட்டிலில். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. “தினம் காலையில இதைக் கொண்டுட்டு வாங்க. செத்த நேரம் உக்காந்து பேசலாம். பேசினா ஒரு கோட்டை நான் அடிச்சுத் தாரேன். பன்னண்டும் அடிச்சாச்சுன்னா தூக்கம் வந்துரும்” என்றேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “உள்ள ஒண்ணையும் காணமுங்களே.” “அதனாலதான் இதுக்குச் சட்டம் இல்லீங்க” என்றேன்.

வந்தார், தினமும் வந்தார். இரண்டு மைல் நடந்து வந்து மர பெஞ்சில் உட்கார்வார், பாட்டிலை நடுவில் வைப்பார். முதல் நாள் அவர் பேசியது மழையைப் பற்றி ஒரு வாக்கியம். மீதி நேரமெல்லாம் நான்தான் பேசினேன், உனக்குத்தான் தெரியுமே. இரண்டாம் நாள் மரவள்ளி. மூன்றாம் நாள் மனுஷர் முகம் தெளிந்திருந்தது. ஆகா, நம் பேச்சு புரோமைடைவிட வேகமாக வேலை செய்கிறதே என்று பூரித்துப்போய் அன்றைக்கு இன்னும் அரைமணி அதிகமாகப் பேசினேன். முடிந்ததும் என் நீலப் பென்சிலால் ஒரு கோட்டை அழுத்தி அடிப்பேன், அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அடுத்த புதன்கிழமை வந்த டாக்டருக்கு, வரிசையில் கோடு ஒட்டிய பாட்டிலோடு சடையக் கவுண்டரைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது. பாட்டிலைப் பிடுங்கி, தக்கையை எடுத்து முகர்ந்தார், தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். ஒன்றுமில்லை. நார்த்தை இலை வாசனைதான் வந்தது. நல்லம்மா தினமும் நார்த்தை இலை போட்டுத் தேய்த்துக் கழுவி அனுப்புகிறாள் என்றார் சடையக் கவுண்டர். எவ்வளவு சுத்தம் பார், அடிவாரத்து ஆஸ்பத்திரி வார்டு பையன்கள் இப்படிக் கழுவுகிறார்களா என்று டாக்டரே மெச்சினார். விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். வெறும் பாட்டிலைக் கொடுக்க எந்தப் பட்டமும் வேண்டாம், தொடர்ந்து கொடு என்று உத்தரவும் போட்டார்.

ஒன்பதாவது கோட்டில் சடையக் கவுண்டர் வாய் திறந்தார். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, அதனால் நான் பேசவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நீ நினைப்பாய், உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். நிலம் அளக்கிறவர்கள் வந்தபோது ஒரு காகிதத்தை நீட்டினார்களாம், இவர் கைநாட்டு வைத்தாராம். “எதுக்குன்னு கேக்கலீங்க. கேட்டா மருவாதி இல்லைன்னு நெனச்சனுங்க. அப்பறம் ஊட்டுக்கு வந்து படுத்தா, எதை எழுதிக் குடுத்தமோன்னு... கண்ண மூடுனா பெருவெரலுதானுங்க தெரியுது.” பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். தன் பாட்டன் காலத்துக் காடு போய்விட்டதோ என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒரு மாதத்துக்கு மேலாக அதைச் சுமந்திருக்கிறார். நான் அன்றைக்கே லீவு எழுதி வைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினேன். ஆபீசில் இரண்டு நாள் நின்று அந்தக் காகிதத்தைத் தேடிப் பிடித்தோம். குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நிலம் அளந்த இரும்புச் சங்கிலி சேதமில்லாமல் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது, அதை நான் பார்த்தேன் என்று சடையக் கவுண்டர் சாட்சி சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு மூன்றாம் முறை. ஏறி வரும்போது வழி நெடுக அவ்வப்போது நின்று, “சங்கிலிங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். மீதி மூன்று கோடுகளையும் மரியாதைக்காக வந்து அடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கக் குறை இல்லை.

இதை ஏன் உனக்குச் சொல்கிறேன்? அந்த உறையைத் திருப்பிக் கொடுத்துவிடு, கண்ணு. டாக்டர் கிளம்பியிருந்தால், அவருக்குப் பதில் இருக்கிற டாக்டரிடம் கொடு. யாருமே இல்லையென்றால் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஆபீசில் ஒப்படை. அவர் நல்ல மனுஷர்தான், உன்னை நம்பித்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைத்த சடையக் கவுண்டரும், எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போட்ட உன் டாக்டரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். சடையக் கவுண்டருக்காவது தூக்கம் போயிற்று. உன்னால் மருந்து எழுத முடியாது என்பது உனக்குக் குறையாகத் தெரிகிறது. எனக்கு மருந்து கொடுக்கத் தெரிந்த நாளில் ஒரு மனுஷரைக் களத்து மேட்டில் படுக்க வைத்தேன். கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில்தான் அவர் என் பெஞ்சில் உட்கார்ந்தார். மருந்து வேண்டியவர்களை எழுதுகிறவரிடம் அனுப்பு, கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வா. மற்ற நேரத்தில் உட்கார்ந்து கேள். என்னைப் போலப் பேசாதே, கேள். அந்த வாத்தியார் ‘வைத்தியம் எப்போது?’ என்று கேட்டாரே தவிர, ஐந்தாம் நாளும் வந்தார் பார். வேலையை விடாதே. விட்டுவிட்டு வந்தால் இங்கே பதின்மூன்று பேரும் ஒரு எருமையும் காத்திருக்கிறார்கள்.

இல்லை, இப்போது காத்திருக்கவில்லை. உனக்கு இவ்வளவு உபதேசம் செய்கிறவன் முதலில் தன் பாம்பைக் கீழே இறக்க வேண்டாமா? நேற்றும் இன்றும் ஊர் ஊராகப் போய், நீ டாக்டர் இல்லை, நான்தான் புளுகினேன் என்று பதின்மூன்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். பலகையைக் கழற்றிவிட்டோம். உன் அம்மா அதைக் கோழிக் கூண்டுக்குக் கதவாக வைத்திருக்கிறாள், பாம்பு உள்பக்கம் பார்த்தபடி. எலிக்குப் பயம் இருக்குமாம், கோழிகளைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. யாரும் என்னை அதிகமாகத் திட்டவில்லை. “அப்ப பாப்பா என்னதானுங்க பண்ணும்?” என்றுதான் கேட்டார்கள். அதற்கு நான் ஒவ்வொரு வீட்டிலும் இந்த வெறும் பாட்டில் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வளர்ந்தது. எருமைக்காரர் மட்டும், பேச்சு வைத்தியம்தானே, எருமையிடம் பாப்பா செத்த நேரம் பேசிப் பார்க்கட்டும் என்று பெயரை அடிக்க மறுத்துவிட்டார். அவருக்காகவாவது நீ வர வேண்டும்.

கடைசியாக எடப்புளிக்குப் போனேன். சடையக் கவுண்டர் பட்டியலில் இல்லை. ஆனால் கதையின் நாயகரிடம் சொல்லாமல் வருவது எப்படி? தலை நரைத்துவிட்டது, ஆள் திடமாக இருக்கிறார். நல்லம்மா பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் கதையைத் தொடங்கி, மூன்றாம் நாளே முகம் தெளிந்தது என்ற இடத்துக்கு வந்தபோது, சடையக் கவுண்டருக்கு மிளகுக் கொடியில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார். நல்லம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், “ஏனுங்க கம்பவுண்டரய்யா, இத்தன வருசமா உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றாள். வெறும் பாட்டிலை வெறுமனே வைத்திருக்க அவருக்கு மனசு வரவில்லையாம். மதுவிலக்குக் காலம், ஆனாலும் காட்டுக்குள் ஒரு பானையில் பலாப்பழ ஊறல் இருந்திருக்கிறது. பொழுது சாய்ந்ததும் பாட்டிலில் சரியாக ஒரு கோட்டு அளவு ஊற்றிக் குடித்துவிட்டு, விடிந்ததும் நார்த்தை இலை போட்டுக் கழுவி என்னிடம் கொண்டு வந்திருக்கிறார். “ரெண்டாங் கோட்டுலயே கொறட்டைங்க. ஆனா நீங்க அன்னிக்குக் கோடு அடிச்சாத்தான் அன்னிக்கு அளவுன்னு சொல்லிப்போட்டாரு. ஆஸ்பத்திரிக் கோடுங்களே, ஒரு சொட்டுத் தாண்டலீங்க. பன்னண்டோட நிறுத்தியும் போட்டாரு.”

உள்ளே போய்ப் பரணிலிருந்து அந்தப் பாட்டிலையே எடுத்து வந்து காட்டினாள். காகிதம் பழுத்திருந்தது. பன்னிரண்டு நீலக் கோடும் அப்படியே இருந்தன. வாங்கி முகர்ந்து பார்த்தேன், கண்ணு. நார்த்தை இலைதான் மணத்தது. தக்கை ஈரமாக இருந்தது.

அன்புடன்,
அப்பா